பாப்பா என்பது காமன் நவுன்

ரொனால்டுக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது. மனைவியையும் கூடவே அழைத்துப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதிகளில் பெண்களுக்கு வேலை கிடைக்கும், கொஞ்சம் இங்கிலீஷ் பேசினால் போதும் என்றார்கள். அந்தக் கொஞ்சம்தான் விக்டோரியாவிடம் இல்லை. அவள் பத்தாவது வரை கன்னட மீடியத்தில் படித்தவள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், சர்ச்சில் இரண்டும். இங்கிலீஷ் என்றால் வாய் பூட்டிக்கொள்ளும்.

அதனால் ஈவ்லினை வரச் சொன்னார்கள். ஈவ்லினின் அண்ணனும் ரொனால்டும் ஒன்றாகப் படித்தவர்கள். அவள் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தாள். கொரோனா சமயத்தில் அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வெளிநாடு போகிற நர்சுகள், கல்யாணமாகி துபாய்க்குப் போகிற பெண்கள், பதவி உயர்வுக்கு இங்கிலீஷ் கேட்கிற கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். கல்யாணம் ஆகவில்லை. மைசூரில் என்.ஆர். மொஹல்லாவில் அம்மாவோடு இருந்தாள்.

ரொனால்டின் வீடு மண்டி மொஹல்லாவில், ஒரு மிளகாய் குடோனுக்கு மேலே மாடிப் போர்ஷன். சந்தில் ஆட்டோவும் லோடு வண்டியும் எதிரும் புதிருமாக நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும். மூட்டை இறக்குகிற நேரத்தில் காரம் மேலே ஏறி வந்து மூக்கைப் பிடிக்கும். முதல் நாள் மாடிப்படி ஏறுவதற்குள் ஈவ்லின் நாலு தடவை தும்மிவிட்டாள்.

"பழகிடும் மிஸ்" என்று விக்டோரியா தண்ணீர் கொடுத்தாள். ஈவ்லினைவிட நாலைந்து வயது மூத்தவள். ஆனாலும் மிஸ் என்றுதான் கூப்பிட்டாள்.

"பேசறதுக்கு முன்னாடி எதுக்குக்கா பயப்படணும்? ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பேரு இருக்கு. அந்தப் பேரெல்லாம் தெரிஞ்சிட்டா பாதி வேல முடிஞ்சுது. பேருக்குத்தான் நவுன்னு பேரு" என்றாள் ஈவ்லின். எல்லோருக்கும் அவள் இப்படித்தான் ஆரம்பிப்பாள்.

அன்றைக்குக் காமன் நவுன். ஈவ்லின் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், விக்டோரியா திருப்பிச் சொல்ல வேண்டும்.

"மேன்."

"மேன்."

"உமன்."

"உமன்."

"கேர்ள்."

"கேர்ள்."

"பேபி."

விக்டோரியா திருப்பிச் சொல்லவில்லை. உள்ளறையிலிருந்து "ம்?" என்று ஒரு சத்தம் வந்தது.

விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையைக் கூப்பிட்டால், என்னையா என்று தலை தூக்கிக் கேட்குமே, அந்த மாதிரி. சின்னக் குரல். கடைசியில் லேசாக மேலே ஏறியது.

இந்த வீட்டில் குழந்தை இருப்பதாக அண்ணன் சொல்லவில்லையே என்று ஈவ்லின் நினைத்தாள். "உள்ள யாருக்கா?"

"யாருமில்ல மிஸ். கீழ குடோன்ல ஆளுங்க பேசுவாங்க, அது இங்க கேக்கும்" என்றாள் விக்டோரியா. பிறகு அவளாகவே, "டாக், கேட், கௌ" என்று அவசரமாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

குடோன் ஆட்களின் பேச்சு மேலே கேட்பது உண்மைதான். ஈவ்லின் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

அடுத்த வகுப்பில் வீட்டுக்குள் கண்ணில் படுகிற காமன் நவுன்களைச் சொல்லச் சொன்னாள். விக்டோரியா நாற்காலி, மேஜை, ஜன்னல், ஃபேன், டம்ளர் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்லிவிட்டாள்.

"மனுஷங்களச் சொல்லுங்க."

"ஹஸ்பெண்ட். ஒய்ஃப்." நின்றுவிட்டாள்.

"அப்புறம்? சைல்ட்..."

"ம்?"

இந்தத் தடவை சந்தேகமே இல்லை. கீழே இருந்து வரவில்லை. பக்கத்து அறையிலிருந்து, கதவுக்கு அந்தப்புறத்திலிருந்து வந்தது. ஈவ்லின் எழுந்து போனாள். விக்டோரியா தடுக்கவில்லை.

உள்ளே ஒரு கட்டில், ஒரு இரும்பு பீரோ, கடைச்சீட்டு கிழிக்காத இரண்டு புது சூட்கேஸ். ஜன்னலுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். யாரும் இல்லை. ஆனால் வீடு முழுக்க மிளகாய் நெடி இருக்க, அந்த அறையில் மட்டும் எந்த வாசனையும் இல்லை. ஒருவர் தூங்கி எழுந்த போர்வைக்குள் கை விட்டதுபோல் காற்று கதகதப்பாக இருந்தது.

அவள் திரும்பி வந்தபோது விக்டோரியா அழுதுகொண்டிருந்தாள். பயந்து அழுகிற அழுகையாகத் தெரியவில்லை.

"உங்களுக்கும் கேக்குதா மிஸ்? நெஜமாவே கேக்குதா?"

"கேட்டுச்சுக்கா."

"இத்தன வருஷமா எனக்குத்தான் பைத்தியம்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவள் சொன்னது இதுதான். நான்கு வருஷத்துக்கு முன்பு எட்டாம் மாதத்தில் வலி வந்தது. ஆபரேஷன் செய்தார்கள். அவள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குழந்தை உயிரில்லாமல்தான் பிறந்தது என்றார்கள். அவளுக்கு நினைவு தெளிவதற்குள் ரொனால்டே கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டான். அவள் பார்க்கவேயில்லை. காலித் தொட்டிலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை மட்டும் பார்த்தாள். அதில் பேபி ஆஃப் விக்டோரியா என்று எழுதியிருந்தது.

"பையனா பொண்ணான்னுகூடத் தெரியாது மிஸ். அவரு மட்டுந்தான் பாத்தாரு. கேட்டா, இப்ப எதுக்கு அதெல்லாம்னு சொல்லிட்டு எந்திரிச்சு வெளிய போயிடுவாரு. ஆஸ்பத்திரில ஒரு நர்சக் கேட்டேன். நான் அன்னைக்கு டூட்டில இல்லைன்னுட்டா."

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. எதிர் வீட்டுக்காரி தன் மகளைப் பாப்பா என்று கூப்பிட்டால் இங்கே உள்ளறையில் "ம்?" என்று கேட்கும். கீழே யாராவது கன்னடத்தில் மகு என்று கொஞ்சினாலும் கேட்கும். டிவி விளம்பரத்தில் பேபி என்று சொன்னாலும் கேட்கும்.

"யாரு எந்தக் கொழந்தையக் கூப்பிட்டாலும், தன்னத்தான் கூப்பிடறாங்கன்னு நெனச்சுக்குது மிஸ். யாருமே பதில் சொல்றதில்ல. நானும் சொன்னதில்ல. என்னன்னு சொல்றது?"

அன்றைக்கு ஈவ்லின் வீட்டுக்கு வண்டியை எப்படி ஓட்டி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இனி அந்தப் பக்கம் போவதில்லை, காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் சாப்பிடும்போதும் துணி மடிக்கும்போதும் அந்த "ம்?" காதிலேயே இருந்தது. பயமுறுத்துகிற சத்தமாக இருந்திருந்தால் விட்டு ஓடியிருப்பாள். அது ஒரு கேள்வி. கேட்டுவிட்டுக் காத்திருக்கிற மாதிரி ஒரு கேள்வி. மறு வகுப்புக்குப் போனாள்.

ப்ராப்பர் நவுன் நடத்த வேண்டிய நாள் அது. கையில் வைத்திருந்த புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள்.

"காமன் நவுன் யாரை வேணா கூப்பிடும்க்கா. சிட்டின்னா எந்த ஊரும்தான். மைசூருன்னா இந்த ஒரு ஊரு. கேர்ள்னா எந்தப் பொண்ணும் திரும்பிப் பாக்கலாம். ஈவ்லின்னா நான் மட்டும். அதனாலதான் முதல் எழுத்தப் பெருசாப் போடறோம்."

விக்டோரியா எழுதுவதை நிறுத்தினாள். "அப்போ பேரு வெக்காதவங்களுக்கு?"

"பேரு இல்லாதவங்கன்னு யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டு ஈவ்லின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். உள்ளறைப் பக்கம் இருவருமே பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பாடம் நடக்கத்தான் செய்தது. தங்கம், அரிசி, பால் என்று மெட்டீரியல் நவுன். கூட்டம், குடும்பம் என்று கலெக்டிவ் நவுன். ஃபேமிலி என்ற வார்த்தையை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னபோது விக்டோரியா, "மை ஃபேமிலி ஹேஸ் த்ரீ பீப்பிள்" என்றாள். அவள் தப்பில்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அது. ஈவ்லின் குட் என்றாள்.

ஆண்பால் பெண்பால் வந்த நாளில், பேபி என்பதற்கு ஹீ போடுவதா ஷீ போடுவதா என்று விக்டோரியா கேட்டாள்.

"தெரிஞ்சா ஹீயோ ஷீயோ போடலாம். தெரியலன்னா இட்."

"தமிழ்லயும் அப்படித்தான் மிஸ். கொழந்த அழுவுதுன்னுதான் சொல்றோம். கன்னடத்துலயும் மகு அளுத்தே. மூணு பாஷையிலயும் அது அதுதானா?"

ஈவ்லின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

அப்ஸ்ட்ராக்ட் நவுன் அன்று விக்டோரியா நாற்காலியை இழுத்து நெருங்கி உட்கார்ந்துகொண்டு தாழ்ந்த குரலில் கேட்டாள். "கண்ணால பாக்க முடியாது. தொடவும் முடியாது. காதுல மட்டும் கேக்கும். அது அப்ஸ்ட்ராக்டா, கான்க்ரீட்டா?"

"பாக்கறது, கேக்கறது, தொடறது, வாசன, ருசி. அஞ்சுல ஒண்ணுல பட்டாப் போதும். கான்க்ரீட்தான்."

"சந்தேகம் இல்லையே?"

"இல்லைக்கா. சவுண்ட்னா கான்க்ரீட்."

விக்டோரியா தலையை ஆட்டினாள். அன்றைக்கு அவள் முகத்தில் ஏதோ முடிவாகிவிட்டது. அந்த வாரமே விசா வந்தது. நான் வரவில்லை, நீங்க போங்க என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரச்சொல்லி ரொனால்ட் ஈவ்லினுக்குப் போன் செய்தான். அவள் போனபோது குடோன் மூடியிருந்தது. சந்து வெறிச்சோடிக் கிடந்தது. மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு இருந்தது. ரொனால்ட் பேன்ட் சட்டையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். விக்டோரியா சமையலறை வாசலில் நின்றாள்.

"என் ஃபிரெண்டோட தங்கச்சின்னுதானே கூப்பிட்டேன்? அவளுக்கு என்னத்தச் சொல்லிக்குடுத்த நீ?"

"நவுன்தான் அண்ணா சொல்லிக்குடுத்தேன்."

"வெளையாடாத. டிக்கெட் போடணும். இங்கயே இருக்கேங்கறா. காரணம் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா."

ஈவ்லின் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பேபி."

"ம்?"

ரொனால்டின் கையில் இருந்த காபி டம்ளர் அப்படியே நின்றது. உள்ளறைப் பக்கம் அவன் திரும்பவில்லை. திரும்பாமல் இருந்ததிலேயே தெரிந்துவிட்டது.

"உங்களுக்கும் கேக்குது" என்றாள் விக்டோரியா.

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நாலு வருஷமா நானே போயி நைட் டூட்டி கேட்டு வாங்கறேன். ஏன்னு நெனைக்கற?" என்றான். "பகல்ல தூங்கறப்ப கேட்டா, கனவுன்னு நெனச்சுக்கலாம்ல. அதுக்குத்தான். இந்த வீட்ட விட்டு, இந்த ஊர விட்டுப் போயிட்டா சரியாயிடும்னு பாத்தேன்."

"பையனா, பொண்ணா?"

"விக்கி, பேடா... வேணாம்..."

"பையனா, பொண்ணா?"

"பொண்ணு."

விக்டோரியா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணுன்னு சொன்னா நீ ஒரு மூஞ்சிய நெனச்சுப் பாப்ப. நெனச்சு நெனச்சு சாவ. நான் அந்த மூஞ்சியப் பாத்தவன்டி. எனக்கு ஒருத்தனுக்கே போதும்னு இருந்தேன்." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "குழி வெட்டினவன் பேரு கேட்டான். பேரில்லைன்னேன். அதோட சரி."

ஈவ்லின் எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தாள். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்கிற இடத்தில் தான் எதற்கு என்று தோன்றியது. அதற்குள் விக்டோரியா உள்ளறை வாசலுக்குப் போய்விட்டாள். மாசமாக இருந்தபோது அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஸ்டெல்லா."

பதில் இல்லை.

"ஸ்டெல்லாம்மா."

இல்லை. ரொனால்ட் எழுந்து வந்து தன் அம்மா பெயரைச் சொன்னான். மேரி, ரீத்தா, ஆக்னஸ் என்று இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு கெஞ்சுவது மாதிரி. எதற்கும் சத்தம் இல்லை. ஆனால் அறை காலியாக இருக்கும் மௌனம் போல இல்லை அது. உள்ளே ஒருவர் நின்று ஒவ்வொரு பெயரையும் கேட்டு, இது இல்லை, இது இல்லை என்று தள்ளிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. கூடத்து ஜன்னல் கதவு படாரென்று அடித்து, சாரல் சோபா மேல் தெறித்தது.

"ஈவ்லின், அந்த ஜன்னலச் சாத்து" என்றான் ரொனால்ட், திரும்பாமலே.

"ம்."

ஈவ்லின் வாயைத் திறக்கவில்லை. உள்ளறையிலிருந்துதான் வந்தது. இதுவரை கேட்ட மாதிரி மேலே ஏறவில்லை. கேள்வி இல்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்த குழந்தை சொல்கிற, சாதாரண "ம்."

ஜன்னல் இன்னொரு தடவை அடித்தது.

விக்டோரியா மெதுவாகக் கூப்பிட்டாள். "ஈவ்லின்?"

"ம்."

"ஈவ்லின் கண்ணு."

"ம்."

ரொனால்ட் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். விக்டோரியா நிலைப்படியில் நெற்றியை வைத்துக்கொண்டு அந்தப் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. ஈவ்லின் கூடத்தின் நடுவில் நின்று, தன் பெயரை வேறொருத்தி வாங்கிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் தோளில் தொங்குகிற பையிலிருந்து கண்ணெதிரிலேயே யாரோ ஒன்றை எடுத்துக்கொள்வதுபோல் இருந்தது. தடுக்கக் கை எழவில்லை.

சோதித்துப் பார்க்க அவள் பாப்பா என்று ஒரு தடவை கூப்பிட்டாள். பேபி என்றாள். மகு என்றாள். உள்ளே சத்தமே இல்லை. இனி யார் யாரையோ கூப்பிடுவதற்கெல்லாம் அது ஏமாறாது என்று புரிந்தது.

"மிஸ், உங்க பேரு..." என்று விக்டோரியா கண்ணீரோடு திரும்பினாள்.

"வெச்சுக்கட்டும்க்கா" என்றாள் ஈவ்லின். யோசிப்பதற்கு முன்பே வாயில் வந்துவிட்டது.

அடுத்த வாரம் மூவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். குழந்தைகளைப் புதைக்கிற மூலையில் புல் மண்டிக் கிடந்தது. ரொனால்ட் தடுமாறாமல் நேராக ஓரிடத்துக்குப் போய் நின்றான். சின்னதாக ஒரு சிலுவை நட்டு, அதில் வெள்ளைப் பெயின்டில் அந்தப் பெயரை எழுதினார்கள். எழுத ஆள் வைக்கவில்லை, விக்டோரியாவே எழுதினாள், இங்கிலீஷில். முதல் எழுத்தைப் பெரிதாக எழுதிவிட்டு ஈவ்லினைத் திரும்பிப் பார்த்தாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இனி கூடவே வரும் என்று விக்டோரியாவும் சம்மதித்து, அந்த மாதக் கடைசியில் அவர்கள் கிளம்பினார்கள். பெங்களூர் போகிற கார் சந்து முனையில் நின்றது. வீட்டைப் பூட்டுவதற்கு முன்னால் விக்டோரியா உள்ளறை வாசலில் நின்று, "ஈவ்லின், வா, போலாம்" என்று கூப்பிட்டாள். "ம்" என்று பதில் வந்ததைக் கேட்டுத்தான் சந்தோஷமாகக் கீழே இறங்கினாள்.

ஒரு வாரம் இருக்கும். ஈவ்லின் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்தபோது அம்மா சமையலறையில் கோபமாக இருந்தாள்.

"ஈவ்லின், பால் பொங்குது வந்து அணைன்னு கூப்பிட்டேன். ம்னு சொல்லிட்டு அப்படியே இருந்துட்ட?"

"நான் மாடில இருந்தேன்மா."

"ரூம்லருந்துதான் ம்னு சொன்ன. என் காதுல விழுந்துச்சு."

ஈவ்லின் துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தாள். அது அவர்களோடு விமானம் ஏறவில்லை. பெயர் எங்கே இருந்ததோ அங்கே வந்துவிட்டது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் விக்டோரியாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் கால் வந்தது. எடுத்ததும் அழுகைதான்.

"தினமும் கூப்பிட்டுப் பாக்கறேன் மிஸ். இந்த வீட்டுல சத்தமே இல்ல. ஏரோப்ளேன்லயே தொலைச்சிட்டேனா? தனியா எங்கயாவது நிக்குதா?"

சொல்வதா வேண்டாமா என்று ஈவ்லின் யோசித்தாள். சொல்லிவிட்டால் பிறகு இல்லை என்று ஆக்க முடியாது. சொல்லாவிட்டால் அந்த அம்மா அங்கே ஒவ்வொரு அறையாகப் போய்க் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள்.

"எங்கயும் போகலக்கா. இங்க, எங்க வீட்டுல இருக்கு."

"ஒரே ஒரு தடவ கூப்பிட்டுப் பாக்கறேன் மிஸ்" என்றாள் விக்டோரியா.

ஈவ்லின் ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்தாள். எதிரே இருந்த நாற்காலி காலியாக இருந்தது.

"ஈவ்லின்" என்று போன் கூப்பிட்டது.

பழக்கத்தில் பதில் தொண்டை வரை வந்துவிட்டது. ஈவ்லின் உதடுகளை இறுக்கிக்கொண்டாள்.

"ம்" என்றது நாற்காலிப் பக்கம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் கால் வரும். விக்டோரியா அங்கே பெய்கிற மழையைப் பற்றிச் சொல்வாள். பஸ்ஸில் தனியாகப் போனதைச் சொல்வாள். விடுதியில் ஒரு கிழவி தன்னிடம் இங்கிலீஷில் சண்டை போட்டதையும், தானும் இங்கிலீஷிலேயே திருப்பிக் கொடுத்ததையும் சொல்வாள். சில நாள் ரொனால்டும் பேசுவான். இப்போது அவன் பகல் டூட்டிதான் பார்க்கிறான். நடுநடுவே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் பதில் வரும். ஈவ்லின் சுவரோரத்தில் வாய் திறக்காமல் இருப்பாள். தன் பெயர் இவ்வளவு அன்பாக யார் வாயிலும் வந்து அவள் கேட்டதில்லை. அது தனக்கு இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

அம்மாவிடம் அவள் எதையும் சொல்லவில்லை. மகளுக்கு இப்போதெல்லாம் எதையும் ஒரு தடவை சொன்னால் உறைப்பதில்லை என்று அம்மா பக்கத்து வீட்டில் குறைப்பட்டுக்கொண்டாள்.

ஆனால் ஈவ்லினுக்கு எல்லாம் கேட்கத்தான் செய்கிறது. அம்மா சமையலறையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால், கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறாள். அறைக்குள்ளிருந்து "ம்" என்று சத்தம் வருகிறது. அதற்குப் பிறகுதான் எழுந்து, என்னம்மா என்று கேட்டுக்கொண்டு போகிறாள்.